காய்ச்சலும் பாய்ச்சலும்

ஒரு நெல் வயலின் ஓராண்டும், அதில் கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும் குடித்தனங்களும்

நடவு முடிந்து இருபத்தைந்து நாளான வயலில் இறங்கினால் முதலில் வருவது சத்தம்தான். ‘களுக்’கென்று கெண்டைக்கால் வரை உள்ளே போகும். காலை இழுத்தெடுக்கும்போது அதைச் சுற்றி ஏழெட்டுக் குமிழிகள் கிளம்பி, மேலே வந்து ஒரு நொடி நின்று, உடையும். பின்னாலேயே ஒரு வாடை, அழுகின முட்டையும் தூர்வாராத கிணற்றுச் சேறும் கலந்த மாதிரி. மன்னார்குடிக்குத் தெற்கே, களிமண் பூமி. வயலுக்குச் சொந்தக்காரர் எழுபதை நெருங்குகிறவர். வரப்பில் நின்றபடியே குனிந்து ஒரு குத்துப் பயிரைப் பிடுங்கினார். வாய்க்கால் தண்ணீரில் வேரை அலசிக் காட்டினார். துருப்பிடித்த கம்பியின் நிறம்.

“பாத்துக்குங்க தம்பி. வேரு இப்படிச் செவப்பா இருக்குற வரைக்கும் பயம் இல்ல. கறுக்க ஆரம்பிச்சிடுச்சுன்னா தண்ணிய வடிச்சுக் காயப் போட்டுறணும்.”

ஏனென்று கேட்டேன்.

“மண்ணுக்கு மூச்சு முட்டுதுல்ல.”

ஏதோ உவமை சொல்கிறார் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். பிறகு மண்ணியல் படித்தவர்களோடு பேசி, புத்தகங்களையும் புரட்டிப் பார்த்தபோது தெரிந்தது, அவர் சொன்னதில் உவமை ஏதுமில்லை. அந்தச் சேற்றில் மூச்சு விடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு கிராம் மண்ணில் நூறு கோடி பாக்டீரியா வரை இருக்கலாம். ஆனாலும் மண்துகள்களின் மொத்தப் பரப்பில் அவை குடியிருப்பது ஒரு விழுக்காட்டுக்கும் குறைவான இடத்தில். மீதி எல்லாம் பொட்டல். எந்தத் துகள் ஓரம் ஈரம் நிற்கிறது, எந்தச் சந்துக்குக் காற்று போகிறது, எங்கே ஒரு செத்த வேர் கிடக்கிறது என்பதை வைத்துத்தான் யார் எங்கே குடியேறுவது என்று முடிவாகிறது. குடியேறியவர்களும் சும்மா இருப்பதில்லை. வீட்டையே இடித்துக் கட்டுகிறார்கள். இந்த மாற்றம் உலகத்தில் எங்கும் நடக்கிறது என்றாலும், நெல் வயலில் நடக்கிற வேகம் வேறெங்கும் இல்லை. ஆறு மாதம் குளமாகவும் மூன்று மாதம் பாலையாகவும் இருக்கிற மண் இது.

ஒரு பலம் புழுதி

கதையைச் சித்திரை வைகாசியிலிருந்து தொடங்குவதுதான் முறை. கோடை உழவு போட்ட வயல் கட்டி கட்டியாகக் கிடக்கிறது. உள்ளங்கையில் எடுத்தால் சுடுகிறது. உயிருள்ள எதுவும் அதில் இருக்கும் என்று நம்ப முடியாது.

திருவள்ளுவர் ‘உழவு’ அதிகாரத்தில் இந்தக் காய்ச்சலைப் பற்றி ஒரு குறள் சொல்லியிருக்கிறார், 1037-வது. ஒரு பலம் புழுதி கால் பலமாகும்படி காயவிட்டால் ஒரு பிடி எருகூட வேண்டியதில்லை, நன்றாக விளையும் என்பது அதன் சாரம். எடைக்கணக்காக எடுத்துக்கொண்டால் இது நடக்காத காரியம். எவ்வளவு ஈரமான வயல் மண்ணும் காய்ந்து நாலில் ஒரு பங்காகிவிடாது. கவிஞர் கணக்கு அது, விட்டுவிடலாம். ஆனால் காயப்போட்ட மண்ணுக்கு எரு போட்டது போன்ற பலன் உண்டு என்ற அடிப்படை விஷயத்தை, 1958-ல் ஹெச்.எஃப். பிர்ச் என்ற ஆய்வாளர் அளந்தே காட்டினார். கென்யாவின் முகுகா ஆய்வு நிலையத்தில் வேலை பார்த்தவர். மண்ணை நன்றாகக் காயவைத்து மறுபடி நனைத்தால், அடுத்த சில மணி நேரத்திலிருந்தே அதிலிருந்து கரியமில வாயு பீறிட்டு வருகிறது, கூடவே பயிர் எடுத்துக்கொள்ளும் வடிவில் தழைச்சத்தும் வெளிப்படுகிறது. எவ்வளவுக்குக் காய்கிறதோ அவ்வளவுக்குப் பெரிய பாய்ச்சல். மண்ணியலில் இதற்கு ‘பிர்ச் விளைவு’ என்றே பெயர்.

உள்ளே நடப்பது இதுதான். ஈரம் வற்றும்போது பாக்டீரியாக்கள் தங்களைச் சுற்றிப் பிசின் போன்ற ஒரு பொருளைக் கசியவிட்டு மூடிக்கொள்கின்றன. கஞ்சிப் பசை மாதிரி அது தண்ணீரைப் பிடித்து வைக்கும். சுற்றிலும் பாலையாக இருந்தாலும் அந்தப் பசைக்குள் காய்ச்சல் மெதுவாகத்தான் இறங்கும். செல்லுக்குள்ளும் தண்ணீர் வற்றிப்போகாமல் இருக்க அமினோ அமிலங்களையும் சர்க்கரைகளையும் சேர்த்து வைத்துக்கொள்கின்றன. இப்படியும் தாக்குப்பிடிக்க முடியாமல் பெருங்கூட்டம் செத்துப்போகிறது. பிறகு மழை வருகிறது. தண்ணீர் ஒரேயடியாகச் செல்லுக்குள் பாயும். சேர்த்து வைத்ததை உடனே வெளியே கொட்டாவிட்டால் வெடித்துவிட வேண்டியதுதான். சிலது கொட்டும், சிலது வெடிக்கும். காய்ந்த கட்டிகளும் நனைந்து உடைந்து, இத்தனை நாள் உள்ளே பூட்டிக்கிடந்த மக்கைத் திறந்துவிடுகின்றன. செத்ததும் கொட்டியதும் திறந்ததும் எல்லாம் பிழைத்திருப்பவர்களுக்கு விருந்து. வள்ளுவர் வேண்டாம் என்று சொன்ன அந்தப் பிடி எரு, இந்தப் பிணங்கள்தான்.

முதல் மழையின் மண்வாசனையும் இங்கிருந்துதான் வருகிறது. ஸ்ட்ரெப்டோமைசஸ் என்ற பாக்டீரியா வகை செய்கிற ‘ஜியோஸ்மின்’ என்ற பொருள் அது. எதற்கு இப்படி மணக்க வேண்டும்? 2020-ல் வந்த ஓர் ஆய்வு பதில் சொன்னது. வாலை மடக்கி எம்பிக் குதிக்கிற, கடுகைவிடச் சிறிய ஒரு மண்பூச்சி இந்த மணத்தைத் தேடி வருகிறது. வந்து பாக்டீரியாவைத் தின்கிறது. உடம்பில் ஒட்டியும் வயிற்றில் தங்கியும் அதன் வித்துகளைச் சுமந்துபோய் வேறிடத்தில் விதைக்கிறது. நமக்கு அம்மா வீட்டு முற்றம் ஞாபகம் வருகிறதே, அது பூச்சிக்கு விட்ட அழைப்பு.

தண்ணீர் ஏறிய பிறகு

மேட்டூர் அணை 1934-ல் கட்டி முடிக்கப்பட்டது. அதைத் திறக்கிற வழக்கமான தேதி ஜூன் 12. நீர் இருப்பைப் பொறுத்துத் தள்ளிப்போகும். தண்ணீர் கடைமடைக்கு வந்து சேர்ந்ததும் சேடை ஓட்டுவார்கள். கட்டி எல்லாம் கரைந்து கூழாகும். சேறு புளிக்க வேண்டும் என்று நாலைந்து நாள் விடுவார்கள். ‘புளிக்க’ என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். மாவு புளிப்பதற்கும் இதற்கும் வேதியியலில் பெரிய தூரம் கிடையாது.

தண்ணீருக்குள் ஆக்ஸிஜன் பரவுகிற வேகம் காற்றில் பரவுவதைவிடப் பத்தாயிரம் மடங்கு குறைவு. வயலில் தண்ணீர் கட்டியதும் மேலிருந்து வரவு நின்றுபோகும். உள்ளே இருக்கிற பாக்டீரியாக்களோ விருந்துக்கு நடுவில் இருக்கின்றன. மிச்சமிருக்கும் ஆக்ஸிஜனை ஓரிரு நாளில் தீர்த்துவிடுகின்றன. கதவை மூடியது நாம், காற்றைத் தீர்த்தது அவை. தீர்த்தவை தாங்களே மூச்சு முட்டி அடங்கிப்போக, இத்தனை காலம் மூலையில் கிடந்த வேறொரு கூட்டம் எழுந்திருக்கிறது. அது நைட்ரேட்டை வைத்து மூச்சு விடும். நைட்ரேட் தீர்ந்தால் மாங்கனீஸ். அதற்கடுத்து இரும்பு. பிறகு சல்பேட். எல்லாம் தீர்ந்த பிறகு, கடைசிப் பந்தியில், கரியமில வாயுவையும் அசிட்டிக் அமிலத்தையும் மீத்தேனாக மாற்றிப் பிழைக்கிற ஆர்க்கியா என்ற நுண்ணுயிர்கள். எதில் அதிக ஆற்றல் கிடைக்குமோ அது முதலில் என்பதே வரிசை. ஒரு கூட்டம் சாப்பிட்டு முடித்த இடத்தில்தான் அடுத்த கூட்டத்துக்கு இலை விழும்.

இந்த வரிசையை நெல் மண்ணுக்கென்று முறையாக எழுதி வைத்தவர் ஓர் இலங்கைக்காரர், எஃப்.என். பொன்னம்பெருமா. இலங்கையின் ஈர மண்டலத்து வயல்களில் நெல்லின் இலை வெண்கல நிறமாகி, பயிர் சோர்ந்துபோகிற ஒரு நோய் இருந்தது. பூச்சியும் இல்லை, பூஞ்சையும் இல்லை. மண்ணில் கரைந்த இரும்பு அளவுக்கு மீறிப் பயிருக்குள் போவதுதான் காரணம் என்று 1955-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் பிராட்ஃபீல்டு, பீச் ஆகியோருடன் சேர்ந்து அவர் ‘நேச்சர்’ இதழில் எழுதினார். பிறகு பிலிப்பைன்ஸின் லாஸ் பானோஸில் இருக்கும் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்துக்குப் போய், அங்கே பல ஆண்டுகள் நீர் மூழ்கிய மண்ணின் வேதியியலையே பார்த்தார். 1972-ல் அவர் எழுதிய நீண்ட கட்டுரையை விட்டுவிட்டு இன்றைக்கும் நெல் மண் பற்றி யாரும் பேசுவதில்லை.

அவர் காட்டியவற்றில் என்னை நிறுத்தி வைத்தது ஒன்று. அமில மண்ணாக இருந்தாலும் சரி, களர் மண்ணாக இருந்தாலும் சரி, சில வாரம் தண்ணீரில் மூழ்கினால் இரண்டும் ஏறக்குறைய நடுநிலைக்கு வந்து நிற்கின்றன. அமில மண்ணில் இரும்பை வைத்து மூச்சு விடும் பாக்டீரியாக்கள் அமிலத்தைத் தின்று தீர்க்கின்றன. களர் மண்ணில் அவை விடும் கரியமில வாயு தேங்கிக் காரத்தைத் தணிக்கிறது. எந்தச் சுண்ணாம்பும் ஜிப்சமும் போடாமல், மூச்சு விட்டே மண்ணின் குணத்தை மாற்றிவிடுகிறார்கள். ஆசியா முழுக்க எத்தனையோ விதமான மண்ணில் நெல் விளைவதற்கு இது ஒரு காரணம்.

இரும்பை மூச்சாகக் கொள்வது எப்படி என்று கேட்கலாம். இரும்பு திடப்பொருள், உள்ளே இழுக்க முடியாது. அமெரிக்காவின் பொட்டோமாக் ஆற்றுச் சேற்றில் 1987-ல் பிரித்தெடுக்கப்பட்ட ஜியோபாக்டர் அதற்கு வழி வைத்திருக்கிறது. செல்லின் வெளித்தோல் வழியாகவும் மின்சாரம் கடத்தும் நுண்ணிழைகள் வழியாகவும் எலக்ட்ரான்களைத் துருவின் மேல் தள்ளிவிடுகிறது. துருவாக இருந்த இரும்பு கரையும் இரும்பாகிறது. செம்பழுப்பாக இருந்த மண் சாம்பல் நீலமாகிறது. துருவோடு ஒட்டிக் கிடந்த மணிச்சத்தும் கூடவே அவிழ்ந்து பயிருக்குக் கிடைக்கிறது. நல்லதுதான். ஆனால் துருவோடு ஒட்டிக் கிடந்தது ஆர்சனிக் என்றால்? வங்கத்து டெல்டாவில் நடந்தது அதுவே. நிலத்தடியில் இதே வகைப் பாக்டீரியாக்கள் இதே வேலையைச் செய்து ஆர்சனிக்கைத் தண்ணீரில் விட்டன. பல கோடிப் பேர் அந்தக் குழாய்த் தண்ணீரைத்தான் குடித்தார்கள். பாக்டீரியாவுக்கு நல்லெண்ணமும் கிடையாது, கெட்ட எண்ணமும் கிடையாது.

துத்தநாகக் கதையும் அப்படித்தான். மணிச்சத்தை அவிழ்க்கிற அதே மூழ்கல் துத்தநாகத்தைப் பூட்டிவிடுகிறது. பந்த்நகரில் ஒய்.எல். நேனே 1966-ல் நெல்லின் ‘கெய்ரா’ நோய்க்குக் காரணம் துத்தநாகக் குறைபாடு என்று கண்டுபிடித்தார். நம் ஊரில் நடவுக்கு முன்னால் ஏக்கருக்குப் பத்து கிலோ துத்தநாக சல்பேட்டை மணலில் கலந்து தூவுகிறார்களே, அந்தச் செலவின் பின்னணி இது.

கண்ணாடிக் குழாயில் ஒரு படலம்

நடவுக்கு முன்னால் நாற்றின் வேரை அசோஸ்பைரில்லம் கரைசலில் நனைப்பார்கள். இந்தப் பாக்டீரியாவுக்கும் புல் இனப் பயிர்களுக்கும் இருக்கிற உறவை 1970களில் உலகுக்குக் காட்டியவர் பிரேசிலின் ஜொஹானா டோபராய்னர். இதை ஆய்வகத்தில் வளர்க்கிற விதம் பார்க்க வேண்டிய ஒன்று. கண்ணாடிக் குழாயில் நுங்குத் தண்ணீர் பதத்தில் பாதி உறைந்த ஊடகம். தழைச்சத்து சிறிதும் சேர்ப்பதில்லை. காற்றிலிருந்து தானே எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த வேலையைச் செய்கிற நொதிக்கு ஆக்ஸிஜன் விஷம். ஆனால் மூச்சுக்கோ கொஞ்சம் ஆக்ஸிஜன் வேண்டும். அதனால் பாக்டீரியாக்கள் நீந்திப்போய், மேற்பரப்புக்குச் சில மில்லிமீட்டர் கீழே, அளவான ஆக்ஸிஜன் இருக்கிற இடத்தில் ஒரு வெள்ளைப் படலமாகக் கூடுகின்றன. பெருகப் பெருக, வருகிற ஆக்ஸிஜனை அதிகமாகத் தின்கின்றன. அளவான இடம் மேலே நகர்கிறது. படலமும் நகர்கிறது. ஓரிரு நாளில் அது மேற்பரப்புக்கே வந்துவிடும். ஊடகத்தின் நிறமும் பச்சையிலிருந்து நீலமாகியிருக்கும், ஏனென்றால் அவை அமிலத்தைத் தின்றுவிட்டன. இடம் படலத்தை வைத்தது, படலம் இடத்தை நகர்த்தியது. வயலில் பெரிதாக நடப்பதெல்லாம் இந்தக் குழாயில் சிறிதாக நடக்கிறது.

அதனால்தான் பாக்கெட்டில் விற்கிற நுண்ணுயிர் உரங்களைப் பற்றி எனக்கு ஒரு மனக்குறை. பாக்டீரியா நல்லதுதான், பாக்கெட்டும் நல்லதாக இருக்கலாம். போன வருஷம் ஒரு கடையில் வாங்கியது தகரக் கூரைக்கு அடியில், பூச்சிமருந்து டப்பாக்களின் மேல், சித்திரை வெயிலில் வெந்துகொண்டிருந்தது. அதில் உயிர் மிச்சமிருந்ததா என்று கடைக்காரருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. உயிரோடு வந்தாலும், புதிதாக வருகிறவர் இடம் பிடிக்க வேண்டியது ஏற்கெனவே ஆயிரக்கணக்கான வகைகள் அடைத்துக்கொண்டிருக்கிற ஊரில். மக்கில்லாத மண்ணில், காற்றுப் புகாத இறுகிய மண்ணில், எந்தப் பாக்கெட்டைக் கொட்டினாலும் விருந்தாளி இரண்டு நாள் தங்கிவிட்டுப் போய்விடுவார். ஜீவாமிர்தம், பஞ்சகவ்யம் ஊற்றுகிறவர்களும் இதை யோசிக்க வேண்டும். அந்தக் கரைசலோடு போடுகிற தழையும் தொழுவுரமும் மூடாக்கும் செய்கிற வேலைக்கும் சேர்த்துக் கரைசலே பெயர் வாங்கிக்கொள்கிறது என்பது என் சந்தேகம்.

வேரின் சிவப்பு

இப்போது பெரியவர் பிடுங்கிய வேருக்கு வருவோம். நெல்லின் தண்டுக்குள் இலையிலிருந்து வேர்நுனி வரை காற்றுக்குழாய்கள் ஓடுகின்றன. தண்ணீருக்குள் நிற்கிற பயிர் இந்தக் குழாய் வழியாகத்தான் வேருக்கு ஆக்ஸிஜன் அனுப்புகிறது. அதில் கொஞ்சம் வேரிலிருந்து சேற்றுக்குள் கசிகிறது. கசிந்த இடத்தில், பாக்டீரியாக்கள் பாடுபட்டுக் கரைத்து வைத்த இரும்பு மறுபடி துருவாகி வேரின் மேலேயே படிகிறது. செம்பட்டை அது. துரு படிகிற வரை வேர் மூச்சு விடுகிறது என்று பொருள். சல்பேட்டில் மூச்சு விடுகிற கூட்டம் மேலோங்கி, அதன் கழிவான சல்பைடு பெருகி, வேரின் ஆக்ஸிஜனும் தோற்றுப்போனால் துரு கறுத்து இரும்பு சல்பைடாகும். அழுகின முட்டை வாடையும் அந்தச் சல்பைடினுடையதே. பெரியவர் வேரைப் பார்த்துப் படித்தது இதைத்தான்.

வேரைச் சுற்றி ஒரு மில்லிமீட்டர் தடிப்பில் இருக்கிற அந்த ஆக்ஸிஜன் உறைக்குள் தனி உலகமே நடக்கிறது. மீத்தேனைத் தின்கிற பாக்டீரியாக்கள் அங்கே காத்திருக்கின்றன. சேற்றில் உருவாகும் மீத்தேனில் ஒரு பகுதி அங்கேயே எரிந்துபோகிறது. தப்பித்தது எங்கே போகிறது? குமிழியாகக் கொஞ்சம். பெரும்பகுதி அதே காற்றுக்குழாய் வழியாகத் தலைகீழாகப் பயணம் செய்து பயிரின் மேலிருந்து வெளியேறுகிறது. ஆக்ஸிஜன் இறங்கிய வழியே மீத்தேன் ஏறுகிறது. 1776-ல் இத்தாலியின் மஜோரே ஏரிக்கரையில் அலெஸாண்ட்ரோ வோல்டா சேற்றைக் குச்சியால் கிளறி, வந்த குமிழிகளைப் பாட்டிலில் பிடித்துக் கொளுத்திப் பார்த்தார். எரிந்தது. மன்னார்குடியில் என் காலைச் சுற்றி உடைந்ததும் அதே வாயு. மனிதச் செயல்களால் வெளியாகும் மீத்தேனில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு நெல் வயல்களிலிருந்து வருவதாகக் கணக்கு.

இந்தச் சேறு கொடுக்கிறதையும் சொல்லிவிட வேண்டும். வங்காளத்தில் எரு இடாத வயல்கள் எப்படி வருஷா வருஷம் விளைகின்றன என்று டாக்காவில் பி.கே. தே ஆராய்ந்தார். நீரில் மிதக்கிற நீலப்பச்சைப் பாசிகள் காற்றின் தழைச்சத்தைப் பிடித்துத் தருகின்றன என்று 1939-ல் காட்டினார். லாஸ் பானோஸில் 1963-ல் தொடங்கிய தொடர் நெல் சோதனை வயலில், பிறகு ஆண்டுக்கு மூன்று போகம் என்று நிறுத்தாமல் பயிர் செய்தும், தழைச்சத்து உரமே போடாத பாத்திகளில்கூட விளைச்சல் அற்றுப்போய்விடவில்லை.

யூரியா எங்கே போகிறது

மேலுரமாக வீசிய யூரியாவில் பயிருக்குப் போய்ச் சேர்வது பல வயல்களில் பாதிகூட இல்லை. ஒரு பங்கு அமோனியாவாகக் காற்றில் போகிறது. இன்னொரு பங்கு போகிற வழி விசித்திரமானது. சேற்றின் மேலே சில மில்லிமீட்டர் மட்டும் பழுப்பாக, ஆக்ஸிஜன் உள்ள படலமாக இருக்கும். கீழே எல்லாம் நீலச் சேறு. மேல்படலத்தில் ஒரு கூட்டம் அமோனியத்தை நைட்ரேட்டாக மாற்றுகிறது. நைட்ரேட் கீழே நழுவுகிறது. கீழே நைட்ரேட்டை மூச்சாக்கும் கூட்டம் காத்திருந்து அதை நைட்ரஜன் வாயுவாக்கிப் பறக்கவிடுகிறது. மாடியில் ஒருவர் சில்லறை மாற்றித் தர, கீழ்வீட்டுக்காரர் செலவழிப்பது போல. பணம் விவசாயியுடையது. யூரியாவை வீசாமல் வேரருகே ஆழத்தில் வை என்று சொல்வதன் காரணம், அந்த மேல்படலத்தின் கண்ணில் படாமல் இறக்கிவிடத்தான்.

கோடையில் பிர்ச் கண்ட அந்தத் தழைச்சத்துப் பாய்ச்சலுக்கும் இதே கதி நேரலாம். கோடை மழையில் சேர்ந்த நைட்ரேட் எல்லாம், வாய்க்கால் தண்ணீர் வந்து வயல் மூழ்கிய வாரத்திலேயே பறந்துவிடும். இடையில் தக்கைப்பூண்டு விதைத்து நாற்பது நாளில் மடக்கி உழுகிற வழக்கம் இங்கே கைகொடுக்கிறது. பறக்க இருந்ததைச் செடி பிடித்துத் தன் உடம்பாக்கிச் சேற்றுக்குள் படுத்துக்கொள்கிறது.

தண்ணீரைக் கட்டுவதும் விடுவதும்

காய்ச்சலும் பாய்ச்சலுமாக விட வேண்டும் என்பது டெல்டாவில் குழந்தைக்கும் தெரிந்த பேச்சு. வயலில் ஓட்டை போட்ட ஒரு குழாயை நட்டு வைத்து, தண்ணீர் மண்மட்டத்துக்கு 15 சென்டிமீட்டர் கீழே இறங்கிய பிறகு மறுபடி பாய்ச்சு என்று சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் சொல்கிறது. பூக்கும் தருணத்தில் மட்டும் தண்ணீர் நிற்க வேண்டும். நீரில் 30 விழுக்காடு வரை மிச்சம். மீத்தேன் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை குறைகிறது. மடகாஸ்கரில் 1980களில் ஹென்றி த லொலானியே என்ற பாதிரியார் உருவாக்கி, இங்கே ‘திருந்திய நெல் சாகுபடி’ என்று வந்ததிலும் பாதி விஷயம் இதுவே. காற்று உள்ளே போனதும் மீத்தேன் கூட்டம் முடங்குகிறது, கரைந்த இரும்பு துருவாகிறது, அந்தத் துரு அடுத்த மூழ்கலின்போது மீத்தேனுக்கு முன்பந்தியில் உட்கார்ந்து அதை இன்னும் கொஞ்ச நாள் தள்ளிப்போடுகிறது. மறுபக்கமும் உண்டு. காய்ந்தும் நனைந்தும் வருகிற மண்ணில், மீத்தேன் போலவே பூமியைச் சூடாக்கும் நைட்ரஸ் ஆக்ஸைடு கூடலாம். யூரியாவை அள்ளி வீசுகிறவர் வயலில் அது இன்னும் கூடும்.

பெரியவர் குழாய் எதுவும் நடவில்லை. மயிரிழையாக வெடிப்பு விட்டதும் பாய்ச்சுவார். அந்தக் கணக்கு அவருக்குப் போதும். அவருக்கு இருக்கிற சிக்கல் வேறு. “நான் காயப் போடுறேன்னு வைங்க. மேல் வயக்காரர் ராத்திரி மடையைத் தொறந்து விட்டா அது என் வயல் வழியாத்தானே போவணும்? மொறை வச்சுத் தண்ணி விடுற வருஷத்துல இன்னும் மோசம். அடுத்த மொறை எப்ப வரும்னு தெரியாதப்போ யாரு தம்பி காயப் போடுவா? கட்டித்தான் வச்சுக்குவான்.” சேற்றில் எந்தப் பாக்டீரியா மூச்சு விட வேண்டும் என்பதை வாய்க்கால் முறை தீர்மானிக்கிறது. மண் ஆய்வகங்களில் இதற்குக் கருவி கிடையாது.

உளுந்துக்கு முன்

சம்பா அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் இருக்கும்போது, நிற்கிற நெல்லுக்குள்ளேயே உளுந்தை விதைத்துவிடுவார்கள். மிச்ச ஈரத்திலும் பனியிலும் அது விளையும். நீலச் சேறாக இருந்த அதே மண்ணில் இப்போது காற்று. ஒரு உளுந்துச் செடியைப் பிடுங்கி வேர்முடிச்சை நகத்தால் கீறிப் பார்த்தால் உள்ளே ரத்தச் சிவப்பு. நம் ரத்தத்தில் இருப்பதற்கு உறவுக்காரப் பொருள் அது, லெக்ஹீமோகுளோபின். தழைச்சத்துப் பிடிக்கும் நொதிக்கு ஆக்ஸிஜன் ஆகாது என்று சொன்னேனே, இங்கே செடியே பாக்டீரியாவுக்கு ஓர் அறை கட்டி, ஆக்ஸிஜனை அளந்து உள்ளே விடுகிறது. 1880களில் ஹெல்ரீகல், வில்ஃபார்த், பின்னர் பெய்ஜரிங்க் ஆகியோர் கண்டுபிடித்த கூட்டுக்குடித்தனம். அசோஸ்பைரில்லம் நீந்தித் தேட வேண்டியிருந்ததை, இதற்கு வாடகையில்லாமல் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். முடிச்சு வெளிறியிருந்தால் வேலை நடக்கவில்லை.

இந்த ஏற்பாட்டைக் கெடுப்பது இப்போது அறுவடை இயந்திரம். ஈர வயலில் அதன் சக்கரம் போன தடத்தில் உளுந்து நசுங்குவது கண்ணுக்குத் தெரிகிற நஷ்டம். மண்ணின் துளைகள் அடைபட்டு, அந்தத் தடத்தில் மட்டும் மாசிப் பனியிலும் மூச்சுத் திணறல் தொடர்வது தெரியாத நஷ்டம்.

சேடையும் இயந்திரமும் கலைத்ததை யார் திரும்பக் கட்டுவது? பூஞ்சை இழைகள் துகள்களைக் கட்டுகின்றன, பாக்டீரியாப் பிசின் ஒட்டுகிறது, வேர் இறுக்குகிறது. சிறு துகள் சேர்ந்து சிறு கட்டியாகி, சிறு கட்டிகள் சேர்ந்து பெரிய கட்டியாகிற இந்தக் கட்டுமானத்தை 1982-ல் டிஸ்டால், ஓட்ஸ் என்ற இரு ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் விளக்கினார்கள். வீட்டிலேயே பார்க்கலாம். வயலின் நடுவிலிருந்து ஒரு காய்ந்த கட்டியும், புல் மண்டிய வரப்பிலிருந்து ஒன்றும் எடுத்துவந்து இரண்டு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் மெல்ல விட்டேன். வயல் கட்டி புசுபுசுவென்று குமிழி விட்டு இரண்டு நிமிஷத்தில் அடியில் மாவாகப் படிந்தது. வரப்புக் கட்டி சாயங்காலம் வரை அப்படியே உட்கார்ந்திருந்தது, தண்ணீரும் தெளிவாக. அந்தக் கட்டியின் நடுப்பகுதியில் காற்று இருக்காது என்பது வேறு விஷயம். 1985-ல் மிச்சிகனில் தலைமுடியைவிட மெல்லிய முனைகொண்ட கருவியைக் கட்டிகளுக்குள் செலுத்தி அளந்தார்கள். மேட்டு நில மண்ணிலும், ஒரு சென்டிமீட்டர் கட்டிக்குள் வெளியே காற்றும் நடுவில் மூச்சற்ற அறையும் இருந்தன. நெல் வயலின் மேல்படலமும் கீழ்ச்சேறும் ஒரு கோலிக்குண்டு அளவில்.

மறுபடி சித்திரையில் போனேன். உளுந்து எடுத்து முடிந்து, வயல் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடந்தது. வெடிப்பின் இரு சுவர்களிலும் செம்பழுப்புப் பூச்சு. காற்றுப் பட்ட இடமெல்லாம் இரும்பு திரும்பத் துருவாகியிருந்தது. பெரியவர் ஒரு கட்டியைப் பெயர்த்து முழங்காலில் தட்டி உடைத்தார். சாம்பல் நிறத்துக்குள் சன்னமான துருக் குழாய்கள், ஊசி போகிற அளவுக்கு, மேலிருந்து கீழாக.

“இது சம்பா வேரு. வேரு மக்கிப் போச்சு, கூடு நிக்குது பாருங்க.”

கட்டியை வயலிலேயே போட்டுவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டார். மேட்டூர்ல எத்தனை அடி இருக்காம் என்று கேட்டார். காலையில் பேப்பர் பார்க்காமல் வந்துவிட்டிருந்தேன்.